பிள்ளைகளின் கைகளை நம்பிய மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்றதும் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அப்பெயருக்குரிய அம்மையார் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி, மருத்துவர், நம் தமிழ் மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பிள்ளைகளிடமிருந்தே அவருடைய பணி தொடங்கியது.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலியில் கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைத் தாங்கிப் படித்து, 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் அங்கேயே மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, நகரின் காப்பகங்களுக்குச் சென்று வந்தார். பேச்சு வராத, அறிவு வளராத சிறு பிள்ளைகளை மனநோயாளரோடு சேர்த்து அடைத்திருந்தார்கள். வெறும் சுவர்கள், விளையாட ஒரு மரத்துண்டுகூடக் கிடையாது. உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். அங்கே காவலிருந்த பெண் அதைப் பெருந்தீனி என்று வெறுத்தாள். அம்மையாரோ வேறொன்றைக் கண்டார். அந்த அறையில் பிள்ளைகளின் விரல்கள் தொட்டுப் பிடித்துப் பார்ப்பதற்கு அத்துணுக்குகளைத் தவிர எதுவுமே இல்லை. பசித்தது வயிறு அன்று. கைகளும் அறிவுமே பசித்துக் கிடந்தன.

பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகென் ஆகியோரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். இப்பிள்ளைகளுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று 1898-இல் தூரின் நகர மாநாட்டில் எடுத்துரைத்தார். 1900-இல் உரோமையில் திறந்த சிறப்புப் பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவரானார். பகலெல்லாம் பிள்ளைகளோடு, இரவில் கண்டவற்றை எழுதி ஆராய்வது. சில பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுப் பொதுத் தேர்விலும் தேறினார்கள். ஊர் வியந்தது. அம்மையாரோ, குறையில்லாத பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்குகிறார்கள் என்று சிந்தித்தார்.

அவர் வாழ்விலும் ஒரு முள் இருந்தது. 1898-இல் மணமாகாமலே ஒரு மகனைப் பெற்றார். ஊரார் பேச்சுக்கு அஞ்சிய அக்காலத்தில், குழந்தை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்ந்தான். பதினைந்து வயதளவில்தான் தாயோடு வந்து சேர்ந்தான். பிற பிள்ளைகளுக்காக உழைத்த நாட்களில் தம் பிள்ளையைப் பிரிந்திருந்த தாய் அவர். அந்த மாரியோவே பின்னாளில் தாயின் வலக்கையாக விளங்கினார்.

1907-ஆம் ஆண்டு சனவரி 6, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறந்தது. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். தாய் தேயிலை பறிக்கப் போய்விட, லைன் வீட்டு வாசலில் தனித்து நிற்கும் பிள்ளையை அறிந்த நமக்கு இது புதிதன்று. மரத்தாலான உருளைகள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள், கைக்கெட்டும் சிறு மேசைகள் அங்கே வந்தன. அழுது ஒடுங்கிய பிள்ளைகள் தாமே வேலையைத் தேர்ந்து, அமைதியாய் அதில் ஆழ்ந்தார்கள்.

1939-இல், தம் 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவை முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறை விட்டுச் செல்லத் தடை. அவருடைய 70-ஆம் பிறந்தநாளுக்கு மகனை விடுவித்து அனுப்பியது. 1942 முதல் 1944 வரை, நம் நீலகிரியைப் போன்றே குளிர்ந்த கொடைக்கானலில் வாழ்ந்து, செடி கொடிகளையும் உயிர்களையும் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் அமைத்தார். இந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

பருவ வயதினரையும் அவர் மறக்கவில்லை. அவ்வயதில் மனம் பச்சிளங்குழந்தையைப் போல் எளிதில் காயப்படும் என்று கண்டு, வசை பாடாமல், மண்ணோடு உழைத்துத் தம் மதிப்பைத் தாமே உணர அவர்களுக்கு வாய்ப்பளிக்கச் சொன்னார். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் நூர்த்வைக் என்னும் கடற்கரையூரில் காலமானார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் துயில்கிறார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, பேச்சுத் தாமதித்த பிள்ளையை விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. மந்தம் என்று பெயர் சூட்டிக் கடைசி வரிசையில் உட்கார வைப்பதும் உண்டு. முதலில் மருத்துவரிடம் காட்டிக் காதையும் கண்ணையும் சோதிப்போம். பிறகு அடிக்காமல், அவசரப்படாமல் கவனிப்போம். பட்டாணி உரிக்க, தட்டு அடுக்க, பொத்தான் போட அக்கைகளுக்கு வேலை கொடுப்போம். எல்லாப் பிள்ளைகளும் தேர்வில் தேறுவதில்லை. ஆனால் ஏறுவதற்கு ஒரு படி இல்லாத பிள்ளை இல்லை. நம் மறைக்கல்வி வகுப்பின் முதல் வரிசையில் அப்பிள்ளைக்கு ஓர் இடம் வைப்போமாக.