சர்வாதிகாரம் கண்ட செண்பகராமன்

திருவனந்தபுரத்தில் 1891-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, இளமையிலேயே ஐரோப்பா சென்று, முதல் உலகப் போரின்போது பெர்லினிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தார். போரில் தோற்ற ஜெர்மனியின் துயரையும் உடனிருந்து கண்டார். 1919-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை தந்த அவமானம்; 1923-இல் பணம் செல்லாக்காசானது; 1932-இல் வேலையற்றோர் 60 லட்சம்.

நம் இராஜபாளையத்து நூற்பாலைகள் யாவும் ஒருசேர மூடினால் வீடுகளில் அடுப்பெரியுமா? அத்தகைய நிலையில்தான், வேலையும் மானமும் தருவதாகச் சொன்ன ஹிட்லரின் பின்னே மக்கள் பலர் திரண்டனர். அதற்கு விலை என்னவென்று கேட்கவில்லை.

இந்தியா ஆங்கிலேயரிடமே இருப்பது மேல் என்று எழுதிய அவரைச் செண்பகராமன் துணிந்து எதிர்த்தார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மறு ஆண்டே செண்பகராமன் பெர்லினில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, வயிறு காயும் நாளிலும் கேள்வி கேட்கும் உரிமையை அடகு வைக்கலாகாது.