பாடலை விலக்கி அச்சத்தைப் பேசவைத்த வீணைக் கலைஞர்

மாலை மங்கி மூடுபனி இறங்கியதும், பத்தடிக்கு அப்பால் நிற்பவர் யாரெனத் தெரியாத நிலை ஹட்டன்வாசிகளுக்குப் புதியதல்ல. கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே மனிதனை அதிகம் அச்சுறுத்தும் என்பதை மலையகத்தார் அனுபவத்தால் அறிவர். இவ்வுண்மையைத் தமிழ்த் திரையில் துணிந்து கையாண்டவர்களுள் முதன்மையானவர் எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் என்ற பிற்கால இயக்குநர் வேறு. இவர் வீணை பாலசந்தர்.

1927 ஜனவரி 18இல் சென்னையில் பிறந்த இவர், 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் சிறுவனாகத் தோன்றினார். அதில் அண்ணன் ராஜம் இராமனாகவும் சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். குருவின்றித் தாமாகவே வீணை பயின்ற பாலசந்தர், நடிப்பு, இசையமைப்பு, இயக்கம் என யாவற்றிலும் கால் பதித்தார்.

பாடல்களே படத்தை விற்ற காலத்தில், ஓர் இசைக் கலைஞரே பாடல்களை விலக்கியதுதான் வியப்பு. 1954 ஏப்ரல் 13இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாடலோ நடனமோ இல்லை. 1943இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசியதன் பின்னணியில் ஒரு வானொலிப் பொறியியலாளர் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் கொலையாளி மாறிக்கொண்டே போகிறார். அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' தந்த தூண்டுதலைத் தமிழ்க் குடும்பமொன்றின் கூடத்துக்குள் கொண்டுவந்தார் பாலசந்தர். அச்சம் பேயிடமிருந்தல்ல, நாம் நம்பியவரிடமிருந்தே பிறக்கிறது என்பதே அப்படத்தின் அடிநாதம்.

'அவனா இவன்', 'பொம்மை' ஆகியவற்றைத் தொடர்ந்து, 1970இல் 'நடு இரவில்' வெளியானது. உறவினர் கூடிய தனித்த மாளிகையில் ஒருவர் பின் ஒருவராக மாண்டுபோகும் கதை அது. அகதா கிறிஸ்டியின் நாவலொன்றின் சாயல் அதிலுண்டு. வாங்குவோரின்றிச் சில காலம் முடங்கிக் கிடந்த பின்னரே அப்படம் திரையைக் கண்டது. அதனுடன் திரையுலகைத் துறந்து, அவர் வீணையோடு ஒன்றினார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்துப் பதிவுசெய்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990 ஏப்ரல் 13இல், 'அந்த நாள்' வெளியான அதே திகதியில், பிலாயில் காலமானார்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. 1995இன் 'குருதிப்புனல்', 2019இன் 'கைதி' ஆகியன பாடலின்றியே வென்றன. ஒரு வீடு, ஓர் இரவு, சில மனிதர்கள் என்ற அளவான களத்தில் திகிலை வளர்க்கும் இன்றைய படங்கள் யாவும் அறிந்தோ அறியாமலோ அவருக்குக் கடன்பட்டவையே.

இன்று மலையகத்தின் தமிழ், முஸ்லிம் இளைஞர் பலர் கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கின்றனர். பணமில்லை என்பதே அவர்களது முதற் கவலை. மூடிய கதவு, ஒரு லாந்தர் வெளிச்சம், உண்மையை மறைக்கும் ஒரு முகம் ஆகியன போதும் என்பதை பாலசந்தரின் வாழ்வு உணர்த்துகிறது. துணிவுக்கு விலை உண்டு என்பதையும் அதே வாழ்வு மறைக்கவில்லை. எனினும் அவ்விலையைக் கொடுக்க ஒருவர் முன்வந்ததாலேயே பின்வந்தோருக்குப் பாதை திறந்தது. லயத்து வீடுகளில் இன்னும் படமாக்கப்படாத கதைகள் ஏராளம். அவற்றை எடுக்க நம்மவரே முன்வர வேண்டும்.