ரமண முனிவரின் துறவு

பாண்டிநாட்டுத் திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், திருவாதிரைத் தரிசனப் புண்ணிய வேளையில், சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் இரண்டாம் மைந்தராகத் தோன்றினார் வேங்கடராமர். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி எனப் போற்றிய பெரியார் அவரே. தந்தையார் 1892-இல் மறையவே, மதுரையில் சிற்றப்பனார் சுப்பையரின் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். விளையாட்டில் இருந்த ஊக்கம் பாடத்தில் இருந்ததில்லை.

1896-ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள், உடலில் நோய் யாதும் இன்றியே, மரணபயம் அவரைத் திடீரெனப் பற்றியது. அவர் யாரையும் துணைக்கு அழைத்தாரில்லை. கைகால்களை நீட்டிப் பிணம்போற் கிடந்து, இறப்பது யாது என்று உள்ளே நோக்கினார். உடல் அழியினும் தான் அழியாமை அவருக்கு அனுபவமாயிற்று. அதன்பின் உணவில் விருப்பு வெறுப்பு ஒழிந்தது, தோழமை கசந்தது. மீனாட்சி சந்நிதியில் கண்ணீர் பெருக நிற்பதொன்றே இனித்தது.

ஆகஸ்டு 29-ஆம் நாள், ஆசிரியர் தண்டனையாக விதித்த ஆங்கில இலக்கணப் பாடத்தைப் பாதியில் எறிந்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற பொருள்படத் தமையனார் நாகசுவாமி கடிந்தார். அச்சொல்லே அவருக்கு உபதேசமாயிற்று. பள்ளியில் தனி வகுப்பு உளதென்று ஒரு பொய்யைச் சொல்லிப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென வைத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துச் சென்றார். அக்கடிதம் ‘நான்’ என்று தொடங்கிச் சில வரிகளில் ‘இது’ என்று மாறிவிடுகிறது, கையொப்பமே இல்லை. துறவு முதலில் நிகழ்ந்தது தெருவிலன்று, அந்தத் தாளில்.

செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்து, நேரே கருவறை சென்று அண்ணாமலையாரைத் தொழுதார். பின்னர் அய்யங்குளக்கரையில் தலையை மழித்துக்கொண்டார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டு, மீதித் துணியையும் பூணூலையும் கையிலிருந்த காசையும் எறிந்துவிட்டார். மழித்தபின் நீராடுதல் மரபு. உடலுக்கு அந்த உபசாரமும் வேண்டாமென்று திரும்பினார். வழியில் மழை பெய்து அவரை நீராட்டியது.

ஆயிரக்கால் மண்டபத்தின் அடியிலுள்ள பாதாளலிங்கக் குகையில் அவர் இருந்த நாட்கள் கேட்போர் உள்ளத்தை உருக்குவன. பூச்சிகள் அரித்துத் தொடைகள் புண்ணாயின, சிறுவர் கல்லெறிந்தனர், அவர் அறிந்தாரில்லை. அன்பர் சிலர் அவரைத் தூக்கி வந்து வெளியிற் கிடத்தினர். உடலை வருத்த வேண்டுமென்று அவர் நோன்பு பூண்டதாக எண்ணுதல் பிழை. உடலென்று ஒன்றிருப்பதையே அவர் மறந்திருந்தார்.

துறவியின் துயரத்தை எழுதுவோர் பலர்; விட்டுவரப்பட்டவரின் துயரத்தை எழுதுவோர் சிலர். மைந்தரின் இருப்பிடம் தெரிந்து அழகம்மையார் 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்தார். சடைவிழுந்த தலையும் அழுக்கேறிய மேனியுமாக இருந்த மகனை, அன்னை கண்டவுடன் அறிந்துகொண்டார். நாள்தோறும் தின்பண்டங்களுடன் வந்து அழைத்தார், அழுதார், முறையிட்டார். மகனோ வாய்திறக்கவில்லை. உடனிருந்தோர் வற்புறுத்தவே, அவரவர் வினைப்படியே யாவும் நடக்குமென்றும், நடவாதது எம்முயற்சியாலும் நடவாதென்றும், ஆதலின் மௌனமே தக்கதென்றும் ஒரு தாளில் எழுதித் தந்தார். தாயை விளித்து ஒரு சொல்லும் அதில் இல்லை. அன்னை வெறுங்கையுடன் ஊருக்கு மீண்டார்.

விரூபாட்சக் குகையில் நெடுங்காலம் அவர் வாழ்ந்தார். உடைமை கோவணமும் துண்டும் கமண்டலமுமே. கோவணம் கிழிந்தபோது ஊசி கேட்டாரில்லை. முள்ளொன்றில் மற்றொரு முள்ளால் துளையிட்டு, அத்துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார். ஆயினும் தம்மை நாடிவந்த இல்லறத்தாரை மனைவி மக்களை விட்டு வருமாறு அவர் ஏவியதில்லை. வீட்டை விட்டாலும் மனம் கூடவே வரும் என்பதே அவர் அறிவுரை.

1916-இல் அன்னை மீண்டும் வந்தார். இம்முறை மகனை அழைக்க அன்று, மகனிடம் தங்க. கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். பிச்சையுணவு உண்டிருந்த அன்பர்கள் அன்னை சமைத்ததை உண்டனர். மகனோ சிலபோது அவரிடம் மட்டும் பேசாதிருப்பார். தம் மகன் என்னும் பற்று அறுவதற்கே அவ்வாறு நடந்தாரெனக் கண்டவர் உணர்ந்தனர். அன்னையும் காவியுடுத்தார். 1922 மே 19-ஆம் நாள் அவர் உயிர் அடங்கும்வரை, மகன் அருகமர்ந்து வலக்கையை அன்னையின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்திருந்தார். மலையின் தென்புற அடிவாரத்தில் சமாதி அமைந்தது. சில திங்களில் முனிவர் மலையினின்று இறங்கி அச்சமாதியின் அருகிலேயே தங்கினார். அங்கேதான் ரமணாசிரமம் வளர்ந்தது.

ஆசிரமம் பெருகியபின்னும் விடியுமுன் எழுந்து காய்கறி அரிந்தார், இலை தைத்தார். தமக்கென்று தனியுணவு படைப்பதை ஏற்றதில்லை.

அன்னையின் சமாதிமேல் கற்றளி எழுப்ப 1939 செப்டம்பர் முதல் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. மைந்தர் அண்ணாமலைக்கு வந்து அன்றோடு நாற்பத்துமூன்று ஆண்டுகள். 1949 மார்ச்சு 17-ஆம் நாள் குடமுழுக்கு நிறைவேறியது. சிராப்பள்ளித் தாயுமான ஈசருக்குரிய வடமொழித் திருநாமமே இங்குள்ள இலிங்கத்துக்கும் சூட்டப்பெற்றது: மாத்ருபூதேசுவரர். இடக்கையில் புற்றுக்கட்டி அறுத்த புண்ணோடு முனிவர் அவ்விழாவில் வீற்றிருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவரும் அருணாசலத்தில் ஒடுங்கினார். அவருடைய சமாதி அன்னையின் கோயிலை அடுத்தே அமைந்துள்ளது.