பறவைக்காகக் காத்திருந்த மா. கிருஷ்ணன்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்று, கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. விடுமுறை நாட்களில் காமிராவும் கையுமாக அங்கே செல்லும் அன்பர்கள் பலர். ஓடையோரப் புதரிலிருந்து சீகாரப் பூங்குருவி சீட்டியடித்துப் பாடும். மலையாளிகள் சூளக்காக்கா என்பது இதைத்தான். குரல் கேட்கும்; பறவை தெரியாது. தெரியும் நேரத்தில் மஞ்சு வந்து மூடும். மஞ்சு விலகும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இத்தகைய ஏமாற்றங்களுடன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன். இந்தியாவின் தலைசிறந்த கானுயிர்ப் புகைப்படக்காரர்களில் ஒருவர், தமிழர்.

1912 ஜூன் 30ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களில் கடைக்குட்டி. குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியது. அன்றைய மயிலாப்பூரில் வீட்டைச் சுற்றிலும் புதர்க்காடு. நரிகளும் பறவைகளுமே சிறுவனுக்குத் தோழர்கள். 13 வயதில் தந்தையை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்றார். பைசனின் மனைவியிடம் வண்ண ஓவியமும் பயின்றார். எம்.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றும் நிலையான வேலை கிட்டவில்லை.

1942இல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகள் வகித்தார். ஓய்வு நேரமெல்லாம் காட்டில்தான். 1949இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தபோது அரசாங்க உத்தியோகம் தேடி வந்தது. அதை மறுத்துச் சென்னைக்குத் திரும்பினார். எழுத்தும் புகைப்படமுமே இனி ஜீவனம் என்று தீர்மானித்தார். மனைவி மக்களுடைய ஒருவருக்கு அது துணிச்சலான முடிவு, வருமானமோ சொற்பம்.

அவருடைய காமிரா தனி ரகம். ஒரு கம்பெனியின் காமிரா, வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற பாகங்களெல்லாம் சொந்தக் கைவேலை. அதன் கனத்தைக் கருதி 'சூப்பர் பாண்டரோஸா' என்று அதற்குப் பட்டப்பெயர். அதில் கம்பியும் கொண்டை ஊசியும்கூட இருந்திருக்கும் என்று கேலி செய்த நண்பரும், அது எடுத்த படங்களின் சிறப்பை ஒப்புக்கொண்டார்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையையே விரும்பினார். பறவையைப் பொறுத்தவரை இது கூடுதல் சோதனை. இலைகளுக்கிடையே உட்கார்ந்த பச்சைக் குக்குறுவானைக் கண் பிரித்தறிந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்திலோ இலையும் பறவையும் ஒரே சாம்பல் நிறம். வானத்தின் எதிரே அமர்ந்தால் வெறும் கரிய நிழல். காட்டு வெளிச்சத்துக்கு அந்நாளைய பிலிமின் வேகம் போதாது. ஷட்டரை மெதுவாகத் திறந்தால் சிறகு கலங்கும். விரைவாகத் திறந்தால் படம் இருண்டுவிடும். லென்ஸ் நீளமாக ஆக, கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். இத்தனையும் சரியாக அமைந்ததா என்பது வீடு திரும்பி, இருட்டறையில் பிலிமைக் கழுவிய பின்னரே தெரியும். அந்த வேலையையும் அவரே செய்தார்.

பறவைப் படத்துக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதுதான் கூடு. எங்கே பறந்தாலும் பறவை கூட்டுக்குத் திரும்பியாக வேண்டும். படம் தெளிவாக விழட்டும் என்று மறைக்கும் கிளையை ஒருவர் ஒடித்தால், நிழலிழந்த குஞ்சு வெயிலில் வதங்கும். காகத்துக்கும் பாம்புக்கும் கூடு காட்டிக்கொடுக்கப்படும். ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சி, தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிட்டுப் போவதும் உண்டு. கிருஷ்ணன் நாடியது, சுதந்திரமாகத் திரியும் உயிர்களை அவற்றின் இடத்திலேயே கண்டு எடுக்கும் படத்தை. அதற்காகக் கால்நடையாக அலைந்தார். யானை மீதேறியும் காத்திருந்தார்.

காமிரா கைவிட்டாலும், பார்த்தது வீண்போகவில்லை. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி 46 ஆண்டுகள் வெளிவந்தது. காகம், ஆந்தை, மைனா போன்ற அண்டைவீட்டுப் பறவைகளுக்கும் அதில் இடமிருந்தது. உடன் வந்த கோட்டோவியங்களும் பெரும்பாலும் அவர் கைவண்ணமே. தமிழிலும் இயற்கை பற்றி எழுதினார். அவை பிற்காலத்தில் தியடோர் பாஸ்கரனால் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன.

1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நிதி பெற்றுத் தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். இந்திய வனவிலங்கு வாரியத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பத்மஸ்ரீ விருதும் வந்தது.

1996 பிப்ரவரி 18ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அன்றைய இதழில்தான் வெளியாயிற்று. பறவைகள் பற்றிய அவருடைய கட்டுரைகள் நூற்றாண்டான 2012இல் தனி நூலாக வந்தன.

இன்று நொடிக்குப் பல படம் எடுக்கும் காமிராக்கள் வந்துவிட்டன. சரியில்லாததை அங்கேயே அழித்துவிடலாம். ஆனால் பொன்முடிப் பூங்குருவி இன்றும் தனக்கு வசதிப்பட்டபோதுதான் வெளியே வரும். படம் கிட்டாமல் இறங்குவோர், பறவை எந்தக் கிளையில் அமர்ந்தது, எதைத் தின்றது, எப்படிப் பாடியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம். கிருஷ்ணனின் எழுத்தெல்லாம் அப்படிப் பார்த்ததிலிருந்து பிறந்தவையே.