நுண்மையை அளந்த அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

இந்திய இயற்பியல் என்றதும் நம் நினைவில் முதலில் எழுபவர் சர் சி. வி. இராமன். அவருக்குத் துணை நின்று உழைத்த மற்றொரு தமிழரை நாம் அந்த அளவிற்கு நினைப்பதில்லை. அவரே கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் உயர்கல்வியும் பெற்றார். பின்னர் சென்னையில் வேதியியல் செய்முறை வகுப்புகளைக் கவனித்து வந்தபோது, உணவு இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களைத் தீர்ப்பார். பிற கல்லூரி மாணவரும் அங்கே வந்து கூடுவர்.

1920-இல் கல்கத்தா சென்ற அவர், 1923-இல் இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். 1928-இல் இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த முதல் ஆய்வுக் குறிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. ஆயினும் கிருஷ்ணனின் பணி நின்றுவிடவில்லை.

டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். மெல்லிய குவார்ட்சு இழையில் ஒரு சிறு படிகத்தைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, இழையை மெல்ல மெல்ல முறுக்குவார். குறிப்பிட்ட கோணத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அக்கோணத்தைக் கொண்டு மிக நுண்ணிய காந்த வேறுபாட்டையும் கணக்கிட்டார். நூலின் முறுக்கை நன்கறிந்த நம் திருப்பூர் வட்டாரத்தார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்!

1940-இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார். 1942 முதல் அலகாபாத்தில் பணியாற்றியபோது, உலோகங்களின் மின்தடையை ஏ. பி. பாட்டியாவுடன் ஆராய்ந்தார். வெப்பத்தால் அணுக்கள் அதிர, எலெக்ட்ரான்கள் சிதறுகின்றன. அதனால் தடை உண்டாகிறது. 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அவர் காலத்திலேயே அங்கு திரவ ஹீலியம் தயாரிக்கும் பொறி நிறுவப்பட்டது. மைனஸ் 269 டிகிரிக் குளிரில் செய்யும் ஆய்வுகளுக்கு நம் நாட்டில் வழி பிறந்தது. 1961 ஜூன் 14 அன்று அவர் மறைந்தார்.

மறு ஆண்டே, 1962-இல், இங்கிலாந்தில் பிரையன் ஜோசப்சன் மீக்கடத்திச் சந்திகளின் வியத்தகு பண்பைக் கணித்துரைத்தார். அச்சந்திகளால் ஆன கியூபிட்டுகளைக் கொண்டே இன்று பல குவாண்டம் கணிப்பொறிகள் இயங்குகின்றன. கியூபிட்டிலிருந்து வரும் நுண்ணலைச் செய்தி மிக மிக மெலிது. பனியன் கம்பெனியில் எல்லாப் பொறிகளும் ஓடும்போது ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது போன்றது அதைப் படிப்பது. சாதாரணப் பெருக்கி செய்தியோடு தன் இரைச்சலையும் அதிகமாகச் சேர்த்துவிடும். ஜோசப்சன் சந்தியால் அமைந்த பெருக்கியோ மீக்கடத்தி, தடையில்லை. தனிச் சுழிக்கு மிக அருகிலுள்ள குளிரில், இயற்கை விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த இரைச்சலையே ஏறக்குறைய அது சேர்க்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறை ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இப்பெருக்கிகளைக் கிருஷ்ணன் படைக்கவில்லை. ஆனால் நுட்பமாக அளத்தல், தடையின் காரணம் அறிதல், கடுங்குளிரை உண்டாக்குதல் ஆகிய மூன்று துறைகளிலும் நம் நாட்டில் முன்னோடியாக நின்றார்.

அறிவியலை அவர் தமிழிலும் எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது. நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஆங்கிலப் பாடநூலைக் கண்டு அஞ்சி, அறிவியல் நமக்கு எட்டாது என்று ஒதுங்குவோரும் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்தவருக்கு எட்டியது நல்லூர் மாணவருக்கும் எட்டும். ஐயம் எழுந்தால் கேட்போம். அறிந்ததைத் தாய்மொழியில் பிறர்க்கும் சொல்வோம். அதுவே அவ்வறிஞருக்கு நாம் செய்யும் நன்றி.