பெரம்பூர் தொழிலாளரின் தோழர் திரு.வி.க.

குடிபாலாவுக்கும் பெரம்பூருக்கும் நடுவே மாநில எல்லை இல்லாத காலம் அது. சித்தூர் ஜில்லாவும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அந்த மாகாணத்தின் தலைநகரில், தறி ஓட்டியே அறியாத ஒரு தமிழாசிரியர், ஆலைத் தொழிலாளருக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். அவர்தான் திரு.வி.கலியாணசுந்தரனார்.

1883 ஆகஸ்டு 26ந் தேதி செங்கற்பட்டு ஜில்லா துள்ளம் கிராமத்தில் பிறந்தார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தார். ஸ்பென்சர் கம்பெனியில் குமாஸ்தாவானார். சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டதால் அந்த வேலை நிலைக்கவில்லை. பிறகு ஆசிரியரானார். 1917 டிசம்பரில் அதையும் விட்டு "தேசபக்தன்" நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

சங்கம் பிறந்தது

பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். அவதியைக் கண்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொழிலாளரைத் திரட்டினர். 1918 ஏப்ரல் 27ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. திரு.வி.க.வின் தமிழோ நேரே தொழிலாளியின் நெஞ்சில் போய்த் தைத்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஆலை கதவடைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் திரு.வி.க. மனைவியை இழந்தார். இரு குழந்தைகளும் முன்பே மறைந்துவிட்டனர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலாளர் கூட்டமே அவருக்குக் குடும்பமாயிற்று.

1920ல் தகராறு முற்றி, டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்பெனி வாடியா மீது ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. அவர் தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகினார். பாரம் திரு.வி.க.வின் தோளில் ஏறியது.

ஓர் ஆலைக்காக மறு ஆலை

1921 மே மாதம் கர்னாடிக் ஆலையில் ஒரு பகுதியினர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். நிர்வாகம் கதவை அடைத்தது. ஜூன் 20ந் தேதி பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளர் அவர்களுக்குத் துணையாக வெளியே வந்தனர். பக்கத்து ஆலைக்காரனின் பசியைத் தம் பசியாக எடுத்துக்கொண்டனர்.

ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். வேலையின்றிக் காலம் தள்ள அவர்களிடம் சேமிப்பு இல்லை. தெருவில் அவர்களை ஒதுக்கியவர்களே ஆலை வாசலில் தோழமை கேட்டபோது நம்பிக்கை எப்படி வரும்? புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29ந் தேதி போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

கவர்னர் வெல்லிங்டன், திரு.வி.க.வை நாடு கடத்தப் போவதாக எச்சரித்தார். அவர் அசையவில்லை. அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. கம்பெனியும் சர்க்காரும் மட்டும் அதற்குக் காரணமல்ல. தொழிலாளருக்குள் இருந்த சாதிப் பிளவும் காரணம்.

எனினும் உழைப்பு வீண்போகவில்லை. வாடியா வழக்கு சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததை எல்லோருக்கும் காட்டியது. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சொந்த ஆட்சியிலும் காவல்

1925ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் திரு.வி.க. 1947ல் பின்னி ஆலையில் மீண்டும் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. அப்போது சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை. அறுபது வயதைக் கடந்த அவரை அந்தச் சர்க்காரே வீட்டுக் காவலில் வைத்தது. வெள்ளைக் கவர்னருக்கு அஞ்சாதவர், தம் பழைய கட்சியின் ஆட்சிக்கும் அஞ்சவில்லை. எவர் ஆண்டாலும் அவர் நின்ற இடம் ஒன்றுதான்.

கடைசி நாளில் கண் பார்வை போயிற்று. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 1953 செப்டம்பர் 17ந் தேதி காலமானார். இரண்டு வாரத்தில் ஆந்திர மாநிலம் உதயமாகி, சித்தூர் ஜில்லா அதனுடன் சேர்ந்தது.

பின்னி ஆலை 1996ல் மூடப்பட்டது. பெரம்பூர் பக்கத்தில் திரு.வி.க. நகர் அவர் பெயரைச் சொல்கிறது. மொழியும் ஊரும் சாதியும் வேறான மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் உழைக்கும் இடங்களில், 1921ன் பாடம் பழசாகிவிடவில்லை.