டாக்டர் பிரெடெரிக் அக்பர் மஹமது

பாட்னாவிற் பிறந்து, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியற்சாலை நடத்திப் புகழ்பெற்ற சேக் தீன் மஹமதை நம்மவரிற் பலர் அறிவர். அவருடைய பௌத்திரரும் வைத்தியருமாகிய பிரெடெரிக் அக்பர் மஹமதின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1849-ஆம் வருஷம் பிரைட்டனிற் பிறந்தார். 1869-இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையில் மாணாக்கரானார். ஆங்குத்தான் டாக்டர் ரிச்சர்ட் பிரைட், 1827-இல், உடல்வீக்கங் கண்டார் சிறுநீரில் ஆல்புமின் காணப்படுவதற்குச் சிறுநீரகச் சிதைவே காரணமென்று காட்டியிருந்தார். சிறுநீரகம் முதலிற் கெட, இருதயம் பின்னர்ப் பருக்கும் என்பதே அவர்வழி வந்த கொள்கை.

மஹமது மாணாக்கராயிருந்தபோதே, மாரே என்னும் பிரெஞ்சு அறிஞரின் நாடிவரை கருவியைத் திருத்தி, நாடியின் இறுக்கத்தை அளக்குமாறு செய்தார். கைப்பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் ரீவா-ரோச்சியின் கருவி 1896-இல்தான் வந்தது என்பதை நினைந்தால் இதன் அருமை விளங்கும். பின்னர் லண்டன் ஜுர வைத்தியசாலையில் ஸ்கார்லெட் ஜுரங் கண்டாரைச் சோதித்தார். அந்த ஜுரம் சிலர்க்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். அத்தகையாரிடம் நாடியின் இறுக்கம் முந்தி ஏறியது. ஆல்புமின் பிந்தித் தோன்றியது. அவ்விடைக்காலத்துச் சிறுநீரைக் குவாயாகம் என்னும் மரப்பிசினாற் சோதிக்க, நீலநிறம் தோன்றி, இரத்தச் செம்பொருள் கசிதலைக் காட்டிற்று. (அச்செம்பொருள் என்ஸைம் அன்றாயினும் இச்சோதனையில் என்ஸைம்போலவே தொழில்புரியும்.) ஆல்புமினுக்கு முற்பட்ட நிலை எனப் பெயரிட்டு இதனை 1874-இல் வெளியிட்டார்.

இதனினும் பெரிதாக யாம் கருதுவது அவர் பின்னர்க் கண்டதொன்று. நோயின்றி நடமாடுவார் சிலரிடத்தும் அவ்விறுக்கம் மிக்கிருந்தது; சிறுநீரிலோ ஆல்புமின் இல்லை. ஆகவே அழுத்தமே முன்னது, சிறுநீரகக் கேடு பின்னது ஆதலும் உண்டு எனத் துணிந்தார்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் தேடுவதும் அத்தகைய முன்னடையாளமே. என்.ஏ.ஜி. என்னும் என்ஸைம் சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்களுள் உறைவது. பருமையால் இரத்தத்தினின்று எளிதில் வடிந்து வாராதது. ஆதலின் சிறுநீரில் அது மிகுமாயின் அவ்வணுக்கள் ஊறுபட்டன என்பது பெறப்படும். இரத்த அழுத்தம் மிக்காரிடம் அது மிகுதலைக் கண்டுளர். எனினும் ஈயம், காட்மியம் முதலியவற்றாலும் அது மிகும். நம் திருவள்ளூர் ஜில்லாவில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உலோக உலையருகே உழைப்பார் ஒருவரிடம் அது மிகக் கண்டால், குற்றம் அழுத்தத்தினதோ உலோகத்தினதோ எனத் துணிதல் எளிதன்று. அங்கும் முதலில் வேண்டுவது மஹமது செய்ததே: நோயில்லை என்பாருடைய அழுத்தத்தையும் அளந்து பார்த்தல்.

1884-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் டைபாய்டு ஜுரத்தால் அவர் மாண்டார். அப்போது வயது 35. பதினோராண்டு கழித்து, 1895-இல், சிறுநீரகக் கேடின்றியே அழுத்தம் ஏறும் என்று கிளிபர்டு ஆல்பட் எடுத்துரைத்தபோது, வைத்திய உலகம் அதனைப் புதிய செய்தியாகவே கேட்டது.